சாங்கியில் இறங்கும்போது காற்றை அளக்கும் விமானம்

கேள்வி: 2015 புகைமூட்டத்தில் எவ்வளவு கரிமம் காற்றில் கலந்தது என்று பயணிகள் விமானத்தை வைத்தே கணக்குப் போட்டார்களாமே? விமானமே புகை விடுமே, அது எப்படிச் சரியாக அளக்கும்?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: உண்மைதான். 'கான்ட்ரெய்ல்' என்ற ஜப்பானியத் திட்டம் 2005 முதல் நடக்கிறது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் சிலவற்றின் சரக்கு அறையில் கருவியை வைத்து, போகிற வழியெல்லாம் கரியமில வாயுவை அளக்கிறார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து போன விமானங்களும் இதில் அடக்கம்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் இன்ஜின் புகை பின்னால் போய்விடும். கருவிக்கு வருவது, இன்ஜின் முன்பக்கமாக இழுத்து, எரிபொருள் சேருவதற்கு முன்பே குளிர்சாதனக் குழாய்க்குத் திருப்பிவிடும் வெளிக்காற்று. அதையும் பயணிகளின் மூச்சு கலக்காத இடத்தில் பிடிக்கிறார்கள். அதில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். அப்புறம், அளவு தெரிந்த வாயுவை அவ்வப்போது உள்ளே விட்டு கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளவும் செய்கிறது.

என்னைக் கேட்டால், மணிக்கணக்காகப் பறப்பதைவிட ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்தான் தங்கம். தரையில் மட்டும் அளந்தால் பக்கத்து லாரிப் புகைகூடக் கணக்கில் வந்துவிடும், பத்து கிலோமீட்டர் உயரத்தில் மட்டும் அளந்தால் எங்கெங்கிருந்தோ வந்து கலந்த காற்று. இடையில் படிப்படியாக எப்படி மாறுகிறது என்று தெரிந்தால்தான் கீழே காடு கரிமத்தை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா என்று காற்றோட்டக் கணக்கோடு சேர்த்துச் சொல்ல முடியும்.

2015இல், பசிபிக் கடல் சூடாவதால் வரும் எல் நினோ வறட்சியில், இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் சதுப்பு நிலக் காடுகள் எரிந்தன (இங்கே பள்ளிகளுக்கு ஒருநாள் விடுமுறை விட்டார்களே, அப்போதுதான்). விமானத்திலும் கப்பலிலும் எடுத்த அளவுகளைக் கொண்டு 2021இல் வெளியான கணக்குப்படி, செப்டம்பர், அக்டோபர் இரண்டே மாதங்களில் 273 மில்லியன் டன் கரிமம். கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் ஒரு பில்லியன் டன். சிங்கப்பூர் ஓராண்டு முழுக்க வெளியிடுவதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல்!

கேள்வி: செயற்கைக்கோள் இருக்கும்போது விமானம் எதற்கு?
(வாசகர், ஈசூன்)

பதில்: நம் ஊர் வானத்தை அண்ணாந்து பாருங்கள், எத்தனை நாள் மேகமில்லாமல் இருக்கிறது? செயற்கைக்கோள் தரையில் பட்டுத் திரும்பும் வெயிலை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறது. மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தால் திணறும், காடு எரியும்போதுதான் புகையும் அதிகம். விமானத்துக்கும் குறை உண்டு, அது போகிற பாதையில்தான் அளக்க முடியும். அதனால்தான் அமேசானில் சிறு விமானங்களைக் காட்டுக்கு மேலேயே பறக்கவிட்டு, 2010 முதல் 2018 வரை வெவ்வேறு உயரங்களில் காற்றைக் குடுவைகளில் பிடித்துவந்தார்கள். தென்கிழக்கு அமேசான் உள்ளே இழுப்பதைவிட அதிகமாக வெளியே விடுகிறது என்பது அதில் தெரியவந்தது.