குளிர்கால மரம்: எதை வாங்கறது, எதை நாமளே செய்யறது?

கேள்வி: வணக்கங்க. நானும் ஃபிரண்ட்ஸும் ஞாயித்துக்கிழமையானா டேபிள்ல வார்கேம் ஆடுவோம், அதாவது குட்டி சிப்பாய் பொம்மைங்கள வெச்சு சண்டை விளையாட்டு, ஆள் சுமாரா 28 எம்எம் உசரம். அடுத்ததா ரெண்டாம் உலகப்போர்ல பெல்ஜியம் பக்கம் காட்டுல நடந்த ஆர்டென்ஸ் சண்டை, 1944 டிசம்பர், அதை ஆடலாம்னு இருக்கோம். பனி புடிச்ச மரம் ஒரு அம்பதாச்சும் வேணும். வெளிநாட்டு கம்பெனி மரத்தோட விலைய பாத்தா கண்ண கட்டுது. வாங்கறதா, செய்யறதா? அமெரிக்காவுல இருக்கற மச்சான் கிட்ட சொல்லி கிஃப்ட்டுனு போட்டு அனுப்ப சொன்னா கஸ்டம்ஸ் டியூட்டி தப்பிக்குமா? (பீளமேடு வாசகர்)

பதில்: கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிப்போடறேன், தப்பிக்காதுங்க. 2019 டிசம்பர்லயே கிஃப்ட்டுங்கற பேர்ல டியூட்டி இல்லாம வர்றத நிறுத்திட்டாங்க, ராக்கியும் உயிர்காக்கற மருந்தும் தான் விதிவிலக்கு. விளையாட்டு சாமானுக்கான இறக்குமதி வரிய 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்குனாங்க, 2023ல 70. இதுக்கு மேல ஜிஎஸ்டி, கூரியர்காரன் போடற சார்ஜ் வேற. மரம் லேசு, ஆனா டப்பா பெருசு, அதனால ஷிப்பிங்கும் எச்சாத்தான் வரும். அம்பது மரத்த அப்படி வரவழைக்கறது வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

சரி, ஆர்டென்ஸ் காட்டுல என்ன மரம் நிக்குதுன்னு பாருங்க. ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரம், குளிர்லயும் பச்சையா நிக்கும். பீச், ஓக் இதெல்லாம் எல கொட்டி வெறும் கொம்பா நிக்கும். உங்களுக்கு ரெண்டுமே வேணும், ரெண்டும் வேற வேற வேலை. ஊசியிலை மரத்த வாங்கலாம், மொட்டை மரத்த கண்டிப்பா நீங்களே செய்யோணும்ங்கறது என் முடிவு, ஏன்னா கடையில விக்கற மொட்டை மரம் பெரும்பாலும் ஒரே அச்சுல வார்த்த பிளாஸ்டிக், பத்து மரத்த வரிசையா வெச்சா பத்தும் ஒரே பக்கம் கைய நீட்டும், பாத்ததுமே பொம்மைனு தெரிஞ்சு போயிரும்.

மொட்டை மரத்துக்கு கோயமுத்தூர விட வசதியான ஊரு இல்லீங்க. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பண்ற கடைக்கு போய் எரிஞ்ச மோட்டார் காயிலுல இருந்து எடுத்த செம்புக்கம்பி கொஞ்சம் வேணும்னு கேளுங்க, எடை போட்டு தருவாங்க. செம்பு விலை ஏறி கெடக்குது தான், ஆனா ஒரு மரத்துக்கு போறது கொஞ்சூண்டு. கட்டுக்கம்பி அதைவிட மலிவு, அடிமரத்துக்கு ஆகும், நுனிக்கொம்புக்கு தடிமன் எச்சு, துருவும் புடிக்கும். செம்புக்கம்பி மேல இருக்கற வார்னிஷ போக்கறேன்னு வீட்டுல வெச்சு கொளுத்தீராதீங்க, அந்த புகை ஆகாது. மேல பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன்னாடி அடிக்கற அடிக்கோட்டு) அடிச்சா போதும், பெயிண்ட் புடிச்சுக்கும்.

25 செ.மீ நீளத்துக்கு இருபது இழை வெட்டிக்குங்க. அடியில மூணு செ.மீ விட்டுட்டு (அது வேரு, பின்னாடி விரிச்சு விடோணும்) அதுக்கு மேல அஞ்சாறு செ.மீக்கு எல்லாத்தையும் சேத்து முறுக்குங்க. அப்பறம் மூணு நாலு இழையா பிரிச்சு ஒவ்வொண்ணையும் தனித்தனியா முறுக்குங்க, அதுல இருந்து ரெண்டு ரெண்டா, கடைசியில ஒத்தை இழை. பிரியற எடம் எல்லாம் ஒரே உசரத்துல வந்தா விளக்குமாறு மாதிரி ஆயிரும், ஒண்ணு கீழ ஒண்ணு மேலனு மாத்தி மாத்தி பிரிக்கோணும். அடிமரத்துல முறுக்கு தெரியாம இருக்க ஃபெவிகாலும் சலிச்ச மரத்தூளும் கொழச்சு பூசுங்க, காஞ்சதும் அதுவே மரப்பட்ட மாதிரி சொரசொரனு நிக்கும். கலரு காப்பிக்கொட்ட பிரவுன் போடாதீங்க, குளிர்கால பட்டை சாம்பலும் பிரவுனும் கலந்த நெறம், அதுக்கு மேல வெளுப்பு சாம்பல காஞ்ச பிரஷ்ல லேசா தடவி விட்டா கொம்பெல்லாம் தனியா எடுத்துக்காட்டும்.

இத்தனை பொறுமை இல்லைன்னா தோட்டத்துல காஞ்ச துளசிச்செடி, மருதாணி நுனி, பருத்திமார் நுனி எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நெழல்ல நல்லா காய வெச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால்ல முக்கி எடுத்து தலைகீழா தொங்க விடுங்க, அப்பத்தான் வண்டு வராது, தொட்டா ஒடியவும் ஒடியாது. ஒண்ணே ஒண்ணு, ஊட்டி போற வழியில ரிசர்வ் ஃபாரஸ்ட்ல எறங்கி குச்சி பொறுக்கறது, மரப்பாசி சுரண்டறது வேண்டவே வேண்டாங்க. தமிழ்நாடு வனச்சட்டம் 1882லயே இருக்குது, அது குத்தம்.

ஊசியிலை மரத்துக்கு டிசம்பர் வரைக்கும் பொறுங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல டவுன்ஹால் பக்கம் ஃபேன்சி கடைங்கள்ல குட்டி குட்டி பிரஷ் மரம் வரும், அதுல மினுமினுப்பு தூள் போடாததா பாத்து எடுங்க, போட்டது எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் மின்னிக்கிட்டே இருக்கும். நீங்களே செய்யறதுன்னா பொள்ளாச்சி தென்னை நாரு இருக்கவே இருக்குது. கம்பிய ரெண்டா மடிச்சு, நடுவுல நார பரப்பி, முனைய டிரில் மிஷின்ல மாட்டி மெதுவா சுத்துனா பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி வரும், கத்திரில கூம்பா வெட்டி கரும்பச்சை அடிங்க. கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு சுத்துங்க. அடியில வாஷர் ஒண்ணு ஒட்டிட்டா மரம் சாயாது.

கேள்வி: ஆன்லைன்ல "28 எம்எம் கேமுக்கு ஏத்த பனிமரம், 25 பீஸ்"னு போட்டிருந்ததுனு வாங்குனேன். வந்தது நாலு செ.மீ மரம். திருப்பி எடுக்க மாட்டோம், "நோ ரிட்டர்ன்"னு முன்னாடியே போட்டிருக்கோம்ங்கறாங்க. என்ன பண்றது? (ஈரோடு வாசகர்)

பதில்: 28 எம்எம்னா கணக்கு சுமாரா 1:56, அதாவது நெசத்துல 56 செ.மீ இருக்கறது டேபிள்ல 1 செ.மீ. நாலு செ.மீ மரம் அந்த அளவுல ரெண்டேகால் மீட்டர் கூட நெசமா இல்ல, அது செடி. 10 மீட்டர் மரம்னா 18 செ.மீ வேணும், பொம்மைய நகத்த மரத்துக்கு நடுவுல கை போகோணும்ங்கறதுக்காக 12ல இருந்து 18க்குள்ள வெச்சுக்குவாங்க. இந்த மாதிரி பாக்கெட்டுல பீஸ் எண்ணிக்கைய பெருசாவும் உசரத்த பொடி எழுத்துலயும் போடறது வழக்கமாவே போச்சு. அதனால எப்பவும் எண்ணிக்கைய பாக்காதீங்க, செ.மீ என்னனு பாருங்க, போடலைன்னா கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

உங்க விஷயத்துல உசரம் 4 செ.மீனு பக்கத்துல போட்டிருந்துச்சான்னு மொதல்ல பாருங்க, போட்டிருந்தா வாதம் கொஞ்சம் பலவீனம், ஆனா "28 எம்எம்முக்கு ஏத்தது"னு சொன்னதும் அவங்க தானே, அத விட்டுறாதீங்க. ஆன்லைன் விற்பனைக்கான 2020 இ-காமர்ஸ் விதிப்படி விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லைன்னா விக்கறவரு திருப்பி எடுக்க மறுக்க முடியாது, நோ ரிட்டர்ன்னு எழுதி வெச்சாலும் அதே தான். அந்த பக்கத்த ஸ்கிரீன்ஷாட் எடுங்க, மரத்த ஸ்கேல் பக்கத்துல ஒரு 28 எம்எம் பொம்மையோட நிறுத்தி போட்டோ எடுங்க, ரெண்டையும் வெச்சு அந்த சைட்டோட குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்க. 48 மணி நேரத்துக்குள்ள கெடச்சதுனு பதில் தரோணும், ஒரு மாசத்துல தீத்து வெக்கோணும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மசியலைன்னா நீங்க இருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், அவங்க ஊருக்கு அலைய வேண்டியதில்ல, பொருளுக்கு குடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸும் கெடையாது. பணம் வர்ற வரைக்கும் மரத்துக்கு பெயிண்ட் அடிச்சுறாதீங்க.

கேள்வி: மரத்து மேல பனிக்கு சோடா உப்பு தூவுனேன், ஒரு வருசத்துல மஞ்சளாயிருச்சு. வேற என்ன வாங்கலாம்? (திருப்பூர் வாசகர்)

பதில்: சோடா உப்பும் ஃபெவிகாலும் சேந்தா நாள்பட மஞ்சள் தட்டறது வழக்கம் தானுங்க, தூள் மேல குத்தம் சொல்லி கடைக்காரர் கிட்ட சண்டைக்கு போகாதீங்க. சாதா உப்பு ஈரத்த இழுக்கும், அரிசிமாவுக்கு எறும்பு வந்துரும், தெர்மாகோல் உருண்டை ஒரு எம்எம் இருந்தாலே 28 எம்எம் கணக்குல அது அஞ்சாறு செ.மீ உருண்டை, பனியா தெரியாது.

வெள்ளை மார்பிள் பவுடர் வாங்குங்க, இல்ல கல்லுல அரச்ச வெள்ளை கோலமாவு. கோலமாவுல அரிசிமாவு கலந்தது இருக்குது, கேட்டு வாங்கோணும். நைசா சலிச்சு, வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட்டும் ஃபெவிகாலும் சேத்து தயிர் பதத்துக்கு கொழச்சு, கொம்போட மேல்பக்கம் மட்டும் வெய்யுங்க, அடிப்பக்கம் பட்டை தெரியோணும். மரமெல்லாத்துக்கும் ஒரே பக்கமா கொஞ்சம் எச்சா அப்புங்க, காத்து அந்த பக்கமிருந்து அடிச்ச மாதிரி இருக்கும். ஈரம் காயறதுக்குள்ள மேல துளி உலர்ந்த பவுடர சல்லடைல தட்டி விடுங்க. சலிக்கறப்ப மாஸ்க் போட்டுக்குங்க, கல்லு தூசி நுரையீரலுக்கு நெம்ப கெடுதல். பழைய மஞ்ச மரத்த தூக்கி போட வேண்டியதில்ல, வெள்ளை பிரைமர் ஒரு கோட்டு அடிச்சுட்டு அதுக்கு மேலயே இத பூசலாம்.