நாள் முழுக்கக் கேட்பவர் எங்கே போவது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பிறர் துயரம் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் யாரிடமும் பேசத் தோன்றுவதில்லை. மனம்விட்டுப் பேசவும் இடமில்லை. ஒட்டுக்கடையில் பக்கத்து மேசைக்காரரே என்னிடம் வந்தவராக இருப்பார். ஈப்போவில் எங்கள் துறையினர் சிலர் ஒத்திகையில்லா நாடகம் (அந்த நேரத்தில் தோன்றியதை நடிப்பது) பழகுகிறார்கள், தோழி கூப்பிடுகிறாள். எனக்கு நடிக்க வராது. போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள், சகோதரி. மனநலத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்படியொரு குழுவில் பழகியவள். இதற்கு நடிப்பு தேவையில்லை, எல்லாம் விளையாட்டுகள்தான். இந்த விளையாட்டுகளில் பலவற்றை உருவாக்கிய வயோலா ஸ்போலின், சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தவர். மொழி தெரியாத பிள்ளையும் சேர்ந்துகொள்ள முடிகிற விளையாட்டுகள் அவை.

அதில் ஒன்று கண்ணாடி. இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் கையை உயர்த்தினால் மற்றவரும் உயர்த்த வேண்டும். எங்கள் குழுவில் ஓர் ஆலோசகர் எதிரே நின்றவரின் முகத்தையே துருவிக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன கவலையோ என்று. "தேடாதீங்க, கையை மட்டும் பாருங்க" என்றார் பயிற்றுநர். அந்த ஆலோசகரின் இறுக்கம் தளர்ந்து தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

இன்னொன்று, பாசார் மாலாமில் மீன் பேரம். ஆனால் பொருளே இல்லாத வெற்று ஒலியில்! அடக்கி வைத்த கோபமெல்லாம் அதில் கொட்டிவிடும், உங்களிடம் வந்தவரின் ரகசியம் ஒரு சொல்கூட வெளியே போகாது. அவர்கள் கதையை மட்டும் அங்கே கொண்டு போகாதீர்கள். பெயரை மாற்றினாலும் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் சோர்வுக்கு முழுக் காரணம் மனம் அல்ல. 'பர்ன்அவுட்' எனும் பணிச்சோர்வு பற்றி 1974இல் எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இலவச மருத்துவ நிலையத்தில் வேலை செய்து தானே களைத்துப்போனவர். உலகச் சுகாதார நிறுவனமும் இதை நோய் என்று சொல்லவில்லை; வேலையிடத்தில் தீராமல் தேங்கிய அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆகவே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று மேலதிகாரியிடம் பேசுங்கள். நாடகம் அந்தப் பாரத்தைக் குறைக்காது. தூக்கமே போய்விட்டால் மருத்துவரையும் பாருங்கள்.

அப்புறம், தோழியின் காரிலேயே போங்கள். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் தே தாரிக் குடிக்க உட்காருவார்கள். வேலை இருக்கிறது என்று அங்கிருந்து எழுந்து வந்துவிடாதீர்கள்.