மீல் மேக்கரும் கொலஸ்ட்ராலும்: உங்கள் கேள்விக்கு

வணக்கம் சகோதரி. எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 162, அதைக் குறைக்க மூன்று வாரமாக இரண்டு வேளையும் சோயா பவுடர் மட்டும், 3 கிலோ குறைந்தும் மலச்சிக்கலும் அசதியும், கூடவே தைராய்டு மாத்திரை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த மாத்திரை. காலையில் அதைப் போட்டதும் சோயா குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். மருந்து உடம்பில் சேர்வதைச் சோயா குறைத்துவிடும். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அசதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லி டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தினம் 25 கிராம் சோயா புரதம் இதயத்துக்கு நல்லது என்று விளம்பரப்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இல் அனுமதித்தது. 2017இல் அதே அமைப்பு, ஆதாரம் போதவில்லை என்று அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. எல்டிஎல் 3, 4 சதவீதம் இறங்கும், அவ்வளவுதான். ஆட்டுக்கறிக்குப் பதிலாகச் சாப்பிட்டால் பலன் கூடும்.

பவுடரை விட்டுவிட்டு, சோயாவில் செய்த உருண்டையான மீல் மேக்கருக்கு மாறுங்கள். 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம். உலர்ந்த நிலையில் 30 கிராம் ஒரு வேளைக்குத் தாராளம். உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரை போகும்வரை இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழியுங்கள். அப்போதுதான் அந்தப் பச்சை வாடை போகும். அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு, ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். பொரிக்கவே வேண்டாம், பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்துவிடும். கூடவே அவரைக்காயோ கீரையோ ஒரு கிண்ணம் சேர்த்து, தண்ணீரும் நிறையக் குடித்தால் மலச்சிக்கல் சரியாகும்.