பெரியம்மாவின் அறைக்கே ஹாஸ்பிஸ் வரும், தம்பி

அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, சாக்ரமென்டோவில் பெரியம்மா இருக்கும் அசிஸ்டட் லிவிங் இல்லத்துக்கு (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் இல்லம்) பக்கத்தில் இருக்கும் ஒரே சொந்தம் நான்தான், அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை நிறுத்தி, கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உங்களுக்கு மூன்று கவலை. பெரியம்மாவை வேறு எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்களா? பணம் யார் கட்டுவது? இதற்குச் சம்மதித்தால் அவரைக் கைவிட்ட மாதிரி ஆகாதா? என் அம்மாவை இதே கலிபோர்னியாவில், ஆறு பேர் மட்டும் தங்கும் ஒரு சின்ன இல்லத்தில் வைத்து நான்கு மாதம் ஹாஸ்பிஸில் பார்த்துக்கொண்டவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கேயும் கொண்டுபோக வேண்டியதில்லை. இங்கே ஹாஸ்பிஸ் என்றால் பெரும்பாலும் இருக்கும் இடம் தேடி வரும் ஒரு குழு. பெரியம்மா இருக்கும் அந்த அறையைத்தான் மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அவர் வீடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நர்ஸ், குளிப்பாட்டிவிட ஓர் உதவியாளர், சமூகப் பணியாளர், வேண்டுமென்றால் ஆன்மிகத் துணைக்கு ஒருவர், எல்லோரும் அங்கேயே வருவார்கள். ஏற்றி இறக்கும் கட்டில், ஆக்சிஜன், சக்கர நாற்காலி, டயப்பர், வலி மருந்து எல்லாம் அறை வாசலில் வந்து இறங்கும். ஒன்று மட்டும் இன்றைக்கே கேளுங்கள். கலிபோர்னியாவில் கடைசிக் கட்டத்தில் இருப்பவரை இப்படிப்பட்ட இல்லம் வைத்துக்கொள்ள மாநிலத்திடம் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டால் தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். "அதெல்லாம் இருக்கிறது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியம்மா இங்கே பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் மெடிகேர் இருக்கும். நர்ஸ், மருந்து, சாதனம் எல்லாவற்றுக்கும் அதுவே கொடுத்துவிடும். ஒரு மருந்துச் சீட்டுக்கு அதிகபட்சம் 5 டாலர் கேட்கலாம், பல நேரம் அதுகூடக் கேட்பதில்லை. ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேராது. மாதாமாதம் இல்லத்துக்குக் கட்டும் பணம் அப்படியே தொடரும், பராமரிப்பு அதிகமாக அதிகமாக இல்லம் கூடுதலாகக் கேட்கவும் செய்யும். அண்ணனிடம் இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். (இங்கே வேலை பார்க்காத பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்களுக்கு: 65 வயதும் 5 வருடத் தொடர் வாசமும் ஆனபிறகு மெடிகேரை விலைக்கு வாங்கலாம். 2025-இல் மருத்துவமனைப் பகுதிக்கு மட்டும் முழுக் கட்டணம் மாதம் 518 டாலராக இருந்தது. விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. லாப நோக்கமில்லாத ஹாஸ்பிஸ் சிலது காப்பீடு இல்லாதவர்களையும் ஏற்றுக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள்.)

6 மாதம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுப் பதறியிருக்கிறீர்கள். நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் 6 மாதமோ அதற்குள்ளோ இருக்கலாம் என்று இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் சேர்வதற்கான நிபந்தனை. முதலில் 90 நாள், மறுபடி 90 நாள், அப்புறம் 60 60 நாளாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸுக்கு மாறினார், காலமானது 2024 டிசம்பர் கடைசியில், 100 வயதில். அவர் மனைவி ரோசலின் ஹாஸ்பிஸில் சேர்ந்த இரண்டே நாளில் போய்விட்டார். மனம் மாறினால் எந்த நாளிலும் கையெழுத்துப் போட்டு வெளியே வந்து சிகிச்சையைத் தொடரலாம், கதவைப் பூட்டிவிட மாட்டார்கள்.

இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். நான் நின்று நிதானமாகச் சொல்ல நினைப்பது வேறு. ஹாஸ்பிஸ் வரும், ஆனால் அங்கேயே இருக்காது. நர்ஸ் வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வருவார், அரை மணி முக்கால் மணி இருப்பார். மற்ற நேரமெல்லாம் பெரியம்மா இருப்பது இல்லத்து ஊழியர் கையில். ஹாஸ்பிஸ், இல்லம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கும். இல்லம், ஹாஸ்பிஸ் வந்தாயிற்றே என்று நினைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, தம்பி. என் அம்மா அதில் ஒரு ராத்திரி விழுந்தாள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்று, எலும்புக்குப் பரவியிருந்தது. சேர்ந்த மூன்றாவது வாரம், சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அந்த இல்லத்துப் பெண் எனக்கு போன் செய்தாள், "உங்கள் அம்மா முனகிக்கொண்டே இருக்கிறார்." ஓடினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பெண் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், அவள் கண்ணிலும் தண்ணீர். மார்ஃபின் பத்தடி தூரத்தில் இருந்தது, குளிர்பதனப் பெட்டிக்குள் பூட்டிய டப்பாவில். சீட்டில் எழுதியிருந்தது "தேவைப்பட்டால்" என்று. எனக்கு வலிக்கிறது, மருந்து கொடு என்று தெளிவாகச் சொல்ல முடியாதவருக்கு அந்த மருந்தை ஊழியர் தாமாக எடுத்துக் கொடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. ஹாஸ்பிஸின் இரவு எண்ணில் செய்தி விட்டுவிட்டுக் காத்திருந்தோம். திரும்ப அழைப்பு வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

மறுநாள் காலையில் நர்ஸிடம் உட்கார்ந்து பேசியதும் அரை மணி நேரத்தில் சரியானது. "தேவைப்பட்டால்" என்பதை "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை" என்று மாற்றி எழுதினார்கள். வேளை குறித்த மருந்தை ஊழியர் கொடுக்கலாம், யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம். இதை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். ஹாஸ்பிஸ் நர்ஸையும் இல்லத்து மேலாளரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் எந்தப் பெட்டியைத் திறப்பார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்வரை எழுந்திருக்காதீர்கள். வலி கட்டுக்கு அடங்காமல் போனால் மணிக்கணக்கில் நர்ஸ் பக்கத்திலேயே இருக்கும் ஏற்பாடும் மெடிகேரில் உண்டு. நாம் கேட்காமல் அவர்களாகச் சொல்வது குறைவு.

911, அதாவது இங்கத்திய அவசர உதவி எண், அந்த விஷயமும் அப்போதே பேசிவிடுங்கள். கீழே விழுந்தாலோ மூச்சு வாங்கினாலோ ஊழியர் கை தானாக 911-க்குப் போகும், பழக்கம் அப்படி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவு, ஊசி, குழாய் என்று பெரியம்மா எதை வேண்டாமென்று சொன்னாரோ அதெல்லாம் நடக்கும். முதல் அழைப்பு ஹாஸ்பிஸுக்கு என்று எழுதி போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் போல்ஸ்ட் என்று பளீர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு படிவம் இருக்கிறது. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டுமா வேண்டாமா என்பதை பெரியம்மாவும் டாக்டரும் கையெழுத்திட்டு அதில் எழுதிவைக்கலாம். அது கண்ணில் படும் இடத்தில் இல்லையென்றால் ஆம்புலன்ஸ்காரர்கள் அவர்கள் கடமையைத்தான் செய்வார்கள்.

எந்த ஹாஸ்பிஸ் என்பதும் உங்கள் தேர்வுதான். இல்லத்தில் ஒரு பெயரைக் கொடுத்துக் கையெழுத்து கேட்பார்கள், அதிலேயே போட வேண்டிய கட்டாயம் இல்லை. போலி நிறுவனங்கள் பெருகியதால் 2022 முதல் புதிய ஹாஸ்பிஸ் உரிமம் கொடுப்பதையே கலிபோர்னியா நிறுத்திவைத்தது. இலவசமாக ஏதோ தருகிறோம் என்று வந்து மெடிகேர் எண் கேட்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று இடத்துக்கு போன் செய்து, இரவில் நர்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேளுங்கள், குரலிலேயே தெரிந்துவிடும்.

இனி உங்களால் மட்டும் ஆகிற காரியம் ஒன்று. பெரியம்மா நன்றாக ஆங்கிலம் பேசுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு தளரத் தளர ஆங்கிலம்தான் முதலில் கழன்று போகலாம். என் அம்மாவிடம் நர்ஸ், வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார். போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருப்பார், அது அவர்கள் தர வேண்டிய வசதி. அம்மா "பரவால்ல" என்பாள். நர்ஸ் இரண்டு என்று எழுதுவார். அம்மாவின் கட்டைவிரல் போர்வை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டிருப்பதை நான்தான் பார்த்தேன். ஐம்பது வருடமாக நான் பார்த்த அம்மாவின் "பரவால்ல" அது. குறைந்தது எட்டு இருக்கும் என்று நர்ஸிடம் சொன்னேன். குடையுது என்றால் எலும்பு வலி, எரியுது என்றால் வேறு, கடுக்குது என்றால் வேறு, ஒவ்வொன்றுக்கும் மருந்தே மாறுகிறது. அன்று ஒரு பெரிய தாளில் தண்ணி, வலி, போதும், திருப்பு, குளிருது என்று பத்து வார்த்தைகளை இல்லத்து ஊழியர் படிக்கிற எழுத்தில் எழுதி, எதிரில் அர்த்தமும் எழுதி, கட்டிலுக்கு மேல் ஒட்டினேன். அந்த ராத்திரிப் பெண் இரண்டே நாளில் "திருப்பட்டுமா அம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கைவிட்ட மாதிரி ஆகாதா என்று கேட்டீர்கள். அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்த கீமோவில் அவள் வாயெல்லாம் புண், என் கையைத் தட்டிவிட்டாள். அதை நிறுத்திய பிறகு, மருந்து சரியாக அமைந்த பிறகு, ஏழு வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள், என்னிடம் கதை பேசினாள், பேரனைத் திட்டினாள். எனக்குக் கிடைத்த ஏழு வாரம் அது. அதனால் கைவிட்ட மாதிரி ஆகாது என்றுதான் நான் சொல்வேன். சாப்பாடு விஷயத்தில் மட்டும் உங்கள் மனம் தடுமாறும். பெரியம்மா சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பிப்பார். ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று ஊட்டாதீர்கள். அந்தக் கட்டத்தில் சரியாக விழுங்க முடியாமல் போகலாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். உதட்டை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

உயிர் பிரிந்ததும் ஹாஸ்பிஸ் நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வந்து உறுதி செய்வார், அவசரப்படுத்த மாட்டார்கள். நாங்கள் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பால் ஊற்றி, நெற்றியில் விபூதி வைத்துத்தான் அனுப்பினோம். அன்றே தகனம் என்பது இங்கே நடக்காது, சான்றிதழும் அனுமதியும் வரச் சில நாள் ஆகும். ஊரில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் போனில் சண்டை வராது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன சொன்னார், டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. பெரியம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? நினைவு தெளிவாக இருக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான், நீங்களோ அண்ணனோ அல்ல. இன்று சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் கேளுங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், லீவு எடுப்பதாக இருந்தால் இப்போதே எடுத்துக்கொண்டு வரட்டும், பெரியம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே.