கச்சான் காற்றில் சட்டை நனையாத உடலுக்கும் தண்ணீர் வேண்டுமா?

கேள்வி: என் கணவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சிறுபோக நெல் வெள்ளாமை செய்கிறார். கச்சான் என்னும் வெப்பமான உலர் காற்று வீசும் நாட்களில் அவர் வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) திரும்பும்போது சட்டை நனைந்திருப்பதே இல்லை. வியர்க்காத உடலுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டு, ஒரு போத்தல் தண்ணீரோடு பகலைக் கழித்துவிடுகிறார். இரவானால் தலையிடியும் கெண்டைக்காலில் பிடிப்பும் வருகின்றன. சிறுநீரும் கடும் மஞ்சளாகப் போகிறதாம். நோவுக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறார். இது நோயா, காற்றின் வேலையா? அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
(மட்டக்களப்பு வாசகி ஒருவர்)

பதில்: தங்கள் கணவருக்கு வியர்க்கத்தான் செய்கிறது, ஏனைய நாட்களைவிடக் கூடுதலாகவே வியர்த்திருக்கவும் கூடும். ஆனால் தோலில் ஊறும் வியர்வையைக் கச்சான் காற்று அந்தக் கணமே ஆவியாக்கிக் கொண்டுபோய்விடுவதால், சட்டையை நனைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. சட்டை காய்ந்த பிறகு முதுகுப் பக்கத்திலும் கக்கத்திலும் வெண்ணிறக் கோடுகள் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நீர் போய், உப்பு மட்டும் தங்கிய இடம் அது. தாங்கள் சொல்லும் மூன்று குறிகளும் உடலில் நீரும் உப்பும் குறைந்ததையே காட்டுகின்றன. எனினும், கீழே சொல்லும் முறைப்படி சில நாட்கள் நடந்த பிறகும் அவை நீங்காவிட்டால், வைத்தியரைக் கண்டு சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதிப்பது அவசியம்.

இந்தக் காற்று ஏன் இவ்வளவு உலர்ந்தும் வெந்தும் வருகிறது என்பதை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, இந்து சமுத்திரத்திலிருந்து நிறைய நீராவியைச் சுமந்துகொண்டு தீவின் மேற்குக் கரையை அடைகிறது. மத்திய மலைநாட்டில் அது மேலேறிக் குளிரும்போது நீராவி ஒடுங்கி மழையாகிறது. ஒவ்வொரு கிராம் நீராவியும் நீராக மாறுகையில், ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிடமே விட்டுவிடுகிறது. ஆகையால் முகிலுக்குள் ஏறும் காற்று ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 பாகை மட்டுமே குளிர்கிறது. மழையை இழந்து உலர்ந்த அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம் சூடாகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். இதனால்தான் ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் பலமாக வீசும்போது, அது கடற்காற்றையே தள்ளி நிறுத்திவிட்டு, மட்டக்களப்பின் பகல் வெப்பநிலையை 38 பாகை செல்சியசுக்கு அண்மையில் கொண்டுபோய்விடுகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் கடற்காற்றின் ஆறுதல் இடையிடையே கிடைத்தாலும், வாவிக்கு மேற்கே திறந்த வயல்வெளியில் நிற்பவருக்கு அதுவும் அரிது.

இனி உடலுக்கு வருவோம். நம் உடலின் உள்வெப்பநிலை 37 பாகையை ஒட்டியே இருந்தாக வேண்டும். உழைக்கும் தசை, உணவிலிருந்து பெறும் சக்தியில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவானதையே வேலையாக மாற்றுகிறது. மீதி முழுவதும் வெப்பம். சாதாரண நாளில் தோல் தன்னிலும் குளிர்ந்த காற்றுக்கு அந்த வெப்பத்தைக் கொடுத்துவிடும். தோலின் வெப்பநிலையோ ஏறத்தாழ 35 பாகைதான். வெளிக்காற்று அதைத் தாண்டியவுடன் வெப்பத்தின் திசை மாறுகிறது: காற்றும் வெயிலும் உடலுக்குள் வெப்பத்தை ஏற்றுகின்றன. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. தோலில் இருபது முதல் நாற்பது இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருப்பது இதற்காகத்தான். ஆவியாகும் ஒவ்வொரு கிராம் வியர்வையும் உடலிலிருந்து ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மலையில் நீராவி மழையாகும்போது காற்றுக்குக் கொடுத்ததும், வட்டையில் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து எடுப்பதும் ஒரே மறைவெப்பம். இயற்கையின் இந்த ஒழுங்கு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. மண்பானைத் தண்ணீர் கச்சான் நாளில் வழமையைவிடக் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் பானையிலும் நீர்மட்டம் இறங்குகிறது என்பதை மறக்கக் கூடாது.

மாறாக, ஈரப்பதன் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே நனைந்த சட்டையை வைத்து நீரிழப்பை அளப்பது இரு பக்கமும் பிழையான கணக்கு. சரியான அளவுகோல்கள் வேறு. ஒருநாள் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும், மெல்லிய உலர்ந்த உடையோடு அவரைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கும் மேலாக ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோ குறைந்தாலே வேலைத்திறனும் கவனமும் தளரத் தொடங்கும். தராசு இல்லாவிட்டால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் அளவுக்கு வடிகட்டும் சிறுநீரகங்கள், அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. நீர் குறைந்ததை மூளை உணர்ந்தவுடன் ஓர் ஓமோனைச் சுரந்து, மேலும் சேமிக்குமாறு அவற்றைப் பணிக்கிறது. அப்போது வெளிவருவதே அந்தக் கடும் மஞ்சள். வெளிர்மஞ்சளாக வரும்வரை குடிப்பு போதவில்லை என்று கொள்ளலாம்.

எவ்வளவு என்றால், வெயிலில் வேலை செய்யும்போது 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 200 முதல் 250 மில்லிலீற்றர். தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு மணித்தியாலம் வேலை என்றால் ஏறக்குறைய மூன்றரை முதல் ஆறு லீற்றர் வரை வரும்; ஒரு போத்தல் எந்த மூலைக்கு? வயல் வாடியில் (காவல் குடிசையில்) நிழலில் ஒரு பெரிய கலன் தண்ணீர் இருக்கட்டும். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர் அளவுக்குக் குடித்துவிடவும் கூடாது. வெறும் தண்ணீரையே அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தின் சோடியம் குறைந்து, அதுவே ஆபத்தாகும்.

கால்பிடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் களைத்த தசையும் இழந்த உப்பும் சேர்ந்ததே. காலையில் உப்பிட்ட கஞ்சி, பத்து மணியளவில் உப்புச் சேர்த்த மோர் ஆகியவை நம் வீடுகளிலேயே உள்ள நல்ல மருந்துகள். எருமைத் தயிருக்குப் பெயர்போன மட்டக்களப்பில் மோருக்குப் பஞ்சமில்லை. இளநீர் நல்லதே, ஆயினும் அதில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம். பிடிப்பு வந்த நாளில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றுத் தூள்) பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்கலாம். வெறுந்தேநீரும் நீர்க் கணக்கில் சேரும், மதுபானம் சேராது. உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு அவர் கிளினிக் மருந்து எடுப்பவரானால், உப்பையும் நீரையும் கூட்டுமுன் அங்கு கேட்டாக வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் தாமாகவே நீரை வெளியேற்றுபவை.

தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்த நோவு மாத்திரைதான். உடலில் நீர் குறைந்த வேளையில், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் சுருங்கிவிடாமல் காக்கும் சுரப்பை டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்றவை தடுத்துவிடுகின்றன. வரண்ட உடலுக்கு அவற்றைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலில் தண்ணீரும் ஓய்வும். அதன் பிறகும் தலையிடி இருந்தால், உரிய அளவில் பரசிற்றமோல் போதும்.

வேலையை விடியலோடு தொடங்கி, பதினொரு மணிக்குள் மருத மரத்து நிழலுக்கு வந்துவிடுவது நல்லது. ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டால், கச்சான் வீசும்போது வியர்வையின் வேலையில் ஒரு பங்கை அந்த நீர் செய்யும். பல நாள் வீட்டிலிருந்துவிட்டு வயலுக்குத் திரும்புபவரின் உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் எடுக்கும். ஆகவே முதல் நாளே முழு வேலையும் செய்யக் கூடாது.

அவருக்குப் பேச்சுக் குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் தடுமாறினாலோ, மயங்கினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். அது வரும்வரை நிழலில் கிடத்தி, சட்டையைக் களைந்து, வாய்க்கால் தண்ணீரானாலும் உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் புகட்டக் கூடாது.