புகாருக்கு முன் கோப்பு

வயிற்றில் சாதாரணத் தொற்று என்று வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்கு இரண்டு நாளில் குடல்வால் (அப்பென்டிக்ஸ்) வெடித்துவிட்டது, யார்மேல் புகார் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னக் குழந்தைகளிடம் குடல்வால் அழற்சியைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம்தான், மருத்துவமனைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் கணிப்பு தப்பிப்போனது என்பது மட்டும் போதாது. வயிற்றை அழுத்திப் பார்த்தார்களா, தேவைப்பட்ட ஸ்கேனை விட்டார்களா, வலி கூடினால் உடனே வரச் சொன்னார்களா, அந்தக் கவனக்குறைவால்தான் இவ்வளவும் ஆனதா என்று காட்ட வேண்டும்.

புகார் எழுதும் முன்பே பிள்ளையின் முழு மருத்துவக் கோப்பின் நகலையும் மருத்துவமனையிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள், நர்ஸ் குறிப்புகளும் லேப் முடிவுகளும் வேண்டும். அப்புறம் அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள், பெரும்பாலும் வழக்கின் உயிரே அதில்தான். மருத்துவக் கவுன்சில் டாக்டர்மேல் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் பொதுவாக இழப்பீடு தராது. பணத்துக்கு நீதிமன்றமோ சமரசமோதான்.

பிள்ளை மைனர் என்பதால் பல நாடுகளில் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு நீளும். ஆனால் நீங்கள் செய்த செலவுக்கான கெடு தனியாக ஓடலாம், வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள். அதுவரை மருத்துவமனை நீட்டும் எந்த சமரசத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.