கனடாவில் கடையில் விற்கும் கஞ்சாவை நம்பலாமா? யார்தான் கண்காணிக்கிறார்கள்?

படிக்க வந்த பிள்ளையை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உரிமம் உள்ள கடையில் வாங்கினால் பெரும்பாலும் நம்பலாம். ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படி ஒரு கடையில் கல்லாவில் நின்றவன் நான். 'கஞ்சாவுக்கு வக்காலத்தா?' என்று கிளம்புகிறவர்களுக்கு: நான் புகைப்பதில்லை, யாரையும் புகைக்கச் சொல்லவும் இல்லை.

கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் 2018 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் உரிமம் இல்லாமல் வணிகத்துக்குப் பயிரிட முடியாது. விற்பனைக்கு வருமுன் பூச்சிமருந்து, கிருமி, டிஎச்சி (போதை தரும் பொருள்) அளவு எல்லாம் சோதிக்க வேண்டும். தின்னும் வகையில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிதான் உச்சம். கள்ளச் சந்தையில் 500 என்று அச்சடித்தே மிட்டாய் விற்கிறார்கள்.

இதெல்லாம் காகிதத்தில் சரி. மூட்டுவலிக்காக வாங்கும் பெரியவர் ஒருவர் ஒருநாள் டப்பாவோடு திரும்பி வந்தார். திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம், பூவின் மேல் சாம்பல் நிறப் படலம். "வேறொன்று கொடுத்து அனுப்பு, விஷயம் முடிந்தது" என்றார் எங்கள் மேலாளர். பெரியவர் நகரவில்லை. "எனக்கு மாற்று வேண்டாம், புகாரை எழுதிக்கொள்" என்றார். டப்பாவை அவர் தூக்கிப் போடாததால் லாட் எண், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண், கையில் இருந்தது. உற்பத்தியாளர் ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தரம் பற்றிப் புகார் வந்தால் விசாரித்தே ஆகவேண்டும், சாக்கு சொல்ல முடியாது. உற்பத்தியாளருக்குப் படங்களோடு எழுதினோம், ஹெல்த் கனடாவுக்கும் புகார் போனது. அந்த லாட்டில் மிச்சமிருந்ததை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தோம். அப்புறம் உற்பத்தியாளரே எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆய்வாளர் எல்லா டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்க்க முடியுமா? அந்த வேலையைச் செய்தது வாங்கியவர்தான். மேலாளர் கடைசிவரை அவரை 'தொல்லை பிடித்த ஆள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது வேறு விஷயம்.

ஆகவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: டப்பாவில் கலால் முத்திரை இருக்கிறதா, சிவப்பு டிஎச்சி குறி இருக்கிறதா என்று பார்க்கட்டும். தீரும்வரை டப்பாவை வைத்திருக்கட்டும். தின்னும் வகை வேலை செய்ய 2 மணி நேரம்கூட ஆகலாம். 'ஒன்றுமே ஏறவில்லையே' என்று இன்னொன்றை விழுங்கக் கூடாது.

வயதுக்கு வருவோம். இங்கே 19 ஆகியிருக்க வேண்டும், 25-க்குக் கீழ் தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்டே தீரவேண்டும். கேட்டால் 'என்னைத் தெரியாதா?' என்று நம் ஆட்களே எகிறுவார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் நாலு பெக் ஊற்றிக்கொண்ட சித்தப்பா, என் வேலையைக் காட்டி எனக்கு வந்த வரனைத் தட்டிக்கழித்தார். இங்கே மது ஊற்றும் பாருக்கும் எங்கள் கடைக்கும் உரிமம் தருவது ஒரே ஆணையம்தான், சித்தப்பா.